பஸ்ஸுக்குப் பின்னால் வரும் கார்

“வண்டில யார் உக்காரப் போறாங்க?”

அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் இதுதான். வாங்க என்ற அழைப்பு கிடையாது, என்ன வேண்டும் என்ற விசாரிப்பும் கிடையாது. பழவேற்காட்டில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்து எனக்கு அப்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது. வீடு பொன்னேரியில். தினமும் வந்துபோக, மூன்று பேர் கை மாறிய ஒரு சின்னக் காரை வாங்கியிருந்தேன். அதன் டயர்கள் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்கத்தான் அந்தக் கடையில் நிறுத்தினேன். மனிதர் டயரைப் பார்க்காமல் வண்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தை எத்தனை என்று துருவுவதற்கு ஊருக்கு ஊர் ஒரு வழி வைத்திருப்பார்கள், இந்த ஊரில் இப்படிக் கேட்பார்கள் போலிருக்கிறது என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“அது எதுக்கு உங்களுக்கு? டயரப் பாருங்க,” என்றேன்.

“டயரப் பாக்கறதுக்குத்தான் டீச்சர் கேக்கறேன்.”

என் முந்தானையில் இருந்த சாக்பீஸ் தூளை அதற்குள் பார்த்திருக்கிறார்.

“நான் ஒருத்திதான்.”

அதன் பிறகுதான் குனிந்தார். உள்ளங்கையை டயரின் மேல் வைத்து ஒரு சுற்று தடவினார். காதில் செருகியிருந்த தீக்குச்சியை எடுத்து, பட்டன்களுக்கு நடுவே ஓடும் பள்ளத்தில் விட்டுப் பார்த்தார். டயரின் மேல் கட்டம் கட்டமாக இருக்கும் ரப்பர் மேடுகளை அவர்கள் பட்டன் என்பார்கள். பள்ளத்தின் அடியில் குறுக்கே ஒரு குட்டி மேடு இருக்கும். பட்டன் தேய்ந்து தேய்ந்து அந்தக் குட்டி மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் கதை முடிந்தது. இவ்வளவு படித்த எனக்கு அது அன்றுதான் தெரிந்தது. பிறகு டயரின் பக்கவாட்டில் நகத்தால் கீறி வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தார். அங்கே பொறித்திருந்த நாலு எண்களை வைத்து அது எந்த வருடம், எந்த வாரம் பிறந்தது என்று படித்தார்.

“பட்டன் கொஞ்சம் கீது. ஆனா வயசாயிடுச்சி. இங்க உப்புக்காத்து வேற. நீங்க ஒருத்தர், மெதுவாத்தான் போவீங்க. மழைக்கு முன்னாடி மாத்திடுங்க. அதுவரைக்கும் ஓட்டலாம்.”

எனக்கு ஒரே சந்தோஷம். நான் கொஞ்சம் கை இறுக்கம், அதை மறைக்க வேண்டியதில்லை. வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது. நான் ஒருத்தி என்றால் தேய்ந்த டயர் போதுமா? என் உயிர் அவ்வளவு இளப்பமா? மறுநாள் காலையில் சீக்கிரமே வந்து வண்டியை நிறுத்தி அதையும் கேட்டேன். கேட்காவிட்டால் எனக்கு அன்றைக்குப் பாடம் ஓடியிருக்காது.

“எளப்பம் இல்ல டீச்சர். அஞ்சு பேர் வெயிட்டு வேற, ஒருத்தர் வெயிட்டு வேற. அப்பால இன்னொண்ணு. நீங்க டயரப் பாத்துட்டு, தெரிஞ்சே உக்கார்றீங்க. பின்னாடி சீட்ல உக்கார்றவன் டிரைவர நம்பி உக்கார்றான். அவன் டயரப் பாக்க மாட்டான். அவனுக்காக நான்தான பாக்கணும்?”

நான் பள்ளிக்குக் கிளம்பிவிட்டேன்.

அவர் கோட்டைக்குப்பத்துக்காரர். ஏரியில் முறை வைத்து வலை போடும் குடும்பம். அவருடைய முறையைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போகும் பாலத்தின் இந்தப் பக்கம் டயர்க்கடை போட்டிருந்தார். ஒரு காற்று மெஷின், பஞ்சர் பார்க்க ஒரு தொட்டித் தண்ணீர், உட்கார்ந்தால் ஆடும் ஒரு ஸ்டூல், அவ்வளவுதான் கடை. ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான ஆள். பேசும்போது முகத்தைப் பார்க்க மாட்டார், வண்டியின் சீட்டுகளைப் பார்ப்பார். ஊரில் அவரை டயர்க்காரர் என்றார்கள். நான் அண்ணா என்றேன்.

ஒரே டயருக்கு அவர் இரண்டு தீர்ப்பு சொல்லுவார். இதனால் ஊரில் பாதிப் பேருக்கு அவர்மேல் மரியாதை, மீதிப் பேருக்கு எரிச்சல். மீன் பெட்டி ஏற்றுகிற ஒரு வேன்காரர் இருந்தார். ஒரு திங்கட்கிழமை அவர் வண்டியின் டயர்களைத் தடவிப் பார்த்து, இன்னும் ஒரு மாதம் ஓடும் என்று சொல்லி அனுப்பினார் இவர். அதே வேன் வியாழக்கிழமை காலையில் ஜமுக்காளம் விரித்து, பெண் வீட்டுப் பெண்கள் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்கு நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பியது. காற்றுப் பிடிக்க இவர் கடையில் நின்றதுதான் வேன்காரர் செய்த தப்பு. அன்று சீக்கிரமே பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த நான் கூட்டத்தைப் பார்த்து இறங்கினேன். அதற்குள் இவர் நாலு சக்கரத்திலிருந்தும் வால்வு பின்னைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். வேன் மெல்ல மெல்ல உட்கார்ந்துகொண்டிருந்தது.

“யோவ், மாப்ள வூட்டுக்காரங்க அங்க காத்துனு கீறாங்கய்யா!” என்று வேன்காரர் கத்தினார்.

“கீட்டும். வேற வண்டிக்கு சொல்லிட்டேன், வருது. யம்மா, எல்லாம் எறங்கி நெழல்ல நில்லுங்க.”

“திங்கக்கெழம நீதான சொன்ன, ஒரு மாசம் ஓடும்னு?”

“மீனுக்கு சொன்னேன்.”

பட்டுப்புடவை கட்டிய பன்னிரண்டு பெண்களும் அவரை வாய் ஓயாமல் திட்டினார்கள். அவர் அதற்கும் முகம் பார்க்காமல், தொட்டித் தண்ணீரில் ஒரு ட்யூபை முக்கிக்கொண்டிருந்தார். மறுநாள் அவர் ஸ்டூலின் மேல் ஒரு பையில் லட்டும் வெற்றிலை பாக்கும் இருந்தன. யார் வைத்தார்கள் என்று அவர் விசாரிக்கவே இல்லை, எனக்கு ஒரு லட்டு கொடுத்தார்.

வேண்டாம் என்று கழற்றிய டயர்களைப் படகுக்காரர்கள் கேட்டு வாங்கிப் போவார்கள். படித்துறையில் படகுக்குப் படகு மோதி ஃபைபர் உடையாமல் இருக்க, பக்கத்தில் தொங்கவிடுவார்கள். கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றிலும் ஒரு சாண் நீளத்துக்குக் கத்தியால் கிழித்துவிடுவார். ஏன் நல்ல ரப்பரைப் பாழாக்குகிறீர்கள் என்று கேட்டேன். ஒருமுறை ஒருவர் படகில் தொங்கிய டயரில் பட்டன் நன்றாக இருக்கிறதே என்று கழற்றிப் போய், தன் காருக்கு ஸ்டெப்னியாக வைத்துக்கொண்டாராம். இந்த ஊரைத் தவிர வேறு எங்காவது இப்படி நடக்குமா என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு இன்னொரு வேலை. அதற்கு அவரை யாரும் நியமிக்கவில்லை. குப்பத்துக் கடற்கரை மணலில் வண்டி இறக்குகிறவர்கள் டயரில் பாதிக் காற்றை வெளியே விட்டுவிடுவார்கள். டயர் தட்டையாக விரிந்தால்தான் சக்கரம் மணலில் புதையாது. உள்ளூர் மீன் வண்டிக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான், அவர்களைப் பார்த்து நகரத்திலிருந்து கடல் பார்க்க வருகிறவர்களும் செய்வார்கள். திரும்பும்போது தார் ரோட்டில் ஏறியதும் மறுபடி காற்று அடிக்க வேண்டும். அதைத்தான் மறந்துவிடுவார்கள். பாலத்தைத் தாண்டி வரும் ஒவ்வொரு வண்டிக்கும் முன்னால் இவர் கையை விரித்துக்கொண்டு ரோட்டில் நிற்பார்.

“எறக்குனியா? ஏத்துனியா?”

சிலர் வசூல் பண்ணுகிற ஆள் என்று நினைத்து ஹாரனை அழுத்துவார்கள். காற்று அடித்துக்கொடுத்துவிட்டு எதுவும் வாங்காமல் போகச் சொன்னதும், ஏதோ தப்பு செய்துவிட்டவர்கள் மாதிரி விழித்துக்கொண்டு போவார்கள்.

இத்தனை கறார் ஆசாமியின் கடை தினமும் இரண்டு வேளை பூட்டிக் கிடக்கும். காலை எட்டு மணியிலிருந்து ஒன்பதரை வரை ஒரு தடவை, மத்தியானத்துக்கு மேல் ஒரு தடவை. எங்கே என்று கேட்டால், “பஸ்ஸுக்குப் போயிருக்காரு,” என்பார்கள். பஸ்ஸில் போயிருக்கிறார் என்று சொல்ல மாட்டார்கள். அது எனக்குப் புரிய ஒரு வாரம் ஆனது. நான் பொன்னேரியிலிருந்து வரும் வழியில், பழவேற்காட்டு பஸ் எதிரில் வரும். அதன் பின்னால் இருபதடி தள்ளி ஒரு வெளிறிய நீலக் கார் வரும். அதை ஓட்டுவது இவர். கூட யாரும் இருக்க மாட்டார்கள். பஸ் நின்றால் கார் நிற்கும். பஸ் நகர்ந்தால் கார் நகரும். இரண்டு பக்கமும் நெல் வயல், நேர் ரோடு, எதிரில் என்னைத் தவிர ஒரு ஈ காக்கை கிடையாது. அப்போதும் முந்த மாட்டார். ஒரு நாள்கூட முந்தியதில்லை.

பள்ளிக்கூட வாசலில் டீ விற்கும் அம்மாவிடம்தான் கேட்டேன்.

“அவுரு பொண்டாட்டி அந்த பஸ்ல போவுது டீச்சர். நண்டு, எறால்லாம் வாங்கினு போயி பொன்னேரில விக்குது.”

“அதான் கார் இருக்கே? கார்லயே போகலாமே?”

“அது ஏறாது,” என்று சொல்லிவிட்டுப் பாலை ஆற்ற ஆரம்பித்துவிட்டார்.

புருஷன் பெண்டாட்டி சண்டை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். ஆனால் காலியான காரோடு ஒரு மனிதன் பஸ்ஸின் புகையைக் குடித்துக்கொண்டு வருவதைத் தினமும் எதிரில் பார்த்தால், சண்டையாகத் தெரியவில்லை.

ஐப்பசி பிறந்து மழை தொடங்கிவிட்டது. நான் டயர் மாற்றவில்லை. அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். ஒரு சனிக்கிழமை பொன்னேரியில் பள்ளிகளுக்கு இடையே வினாடி வினா. எட்டாம் வகுப்புப் பெண்கள் நாலு பேரை என் காரிலேயே அழைத்துப் போவதாக ஏற்பாடு. காலையில் வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு, காற்றுப் பிடிக்கலாமே என்று அவர் கடையில் நிறுத்தினேன். வேன்காரரைப் பார்த்துச் சிரித்தவள்தான் நான்.

அவர் சீட்டுகளைப் பார்த்தார். நாலு ரெட்டை ஜடைகளும் அவரைப் பார்த்தன. தீக்குச்சியை எடுக்கக்கூட இல்லை. நேராகக் குனிந்து வால்வு பின்னைக் கழற்றினார்.

“அண்ணா! என்ன பண்றீங்க? பத்து மணிக்குப் போட்டி!”

“மழைக்கு முன்னாடி மாத்துங்கன்னு சொன்னேன். சாயங்காலம் வாங்க, புதுசு மாட்டி வெக்கறேன்.”

“நீங்கதான ஓட்டலாம்னு சொன்னீங்க?”

“ஒருத்தருக்கு சொன்னேன்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. எதிரில் பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. அவருடைய நீலக் காரும் கடை ஓரமாகத்தான் நின்றது.

“அப்ப உங்க கார்ல கொண்டுபோய் விடுங்க. பொன்னேரிக்குத்தான போறீங்க?”

மனிதர் சுட்டுக்கொண்ட மாதிரி இரண்டடி பின்னால் போனார். “இதுலயா? புள்ளைங்களயா?”

அப்போதுதான் அந்தக் காரின் டயர்களை முதல் தடவையாகப் பார்த்தேன். பட்டன் என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமே இல்லை. சுத்த மொட்டை. ஒரு சக்கரத்தில் ரப்பர் போய் உள்ளே நூல் தெரிந்தது. ஊர் வண்டிக்கெல்லாம் தீர்ப்பு சொல்கிறவரின் வண்டி இது.

“என்ன அண்ணா இது அநியாயம்?”

“நான் ஒருத்தன்தான டீச்சர் போறேன்,” என்றார்.

அப்போது எனக்கு இன்னொரு கணக்கும் ஓடியது. தினமும் காலையில் அந்த மொட்டை டயருக்கு எதிரில் வருகிறவள் நான். அதை அவரிடம் சொல்லிச் சண்டை போட நேரம் இல்லை. கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன்.

கடைசி சீட்டுக்கு முந்தின சீட்டில் ஓர் அம்மா இடது காலை நீட்டி வைத்து உட்கார்ந்திருந்தார். முட்டி மடங்காது போலிருக்கிறது. நடைபாதையில் போகிறவர்கள் எல்லாம் பழகிப்போய் அந்தக் காலைத் தாண்டிப் போனார்கள். பக்கத்தில் ஓர் அலுமினியக் கூடை, அதன் மேல் ஈரச் சாக்கு. என்னைப் பார்த்ததும் ஜன்னல் ஓரம் நகர்ந்து இடம் கொடுத்தார்.

“இன்னா டீச்சரு, உன் வண்டியயும் புடிச்சிக்கினாரா?”

அவர் யாரென்று அப்புறம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்தேன். பஸ் நகர்ந்தது. பின் கண்ணாடியில் நீலக் கார் நகர்ந்தது. பிள்ளைகள் அதற்கு டாட்டா காட்டினார்கள். அவரும் காருக்குள் இருந்து கை ஆட்டினார்.

முட்டியைப் பற்றி நான் கேட்கவில்லை. நான் பார்த்ததைப் பார்த்து அவராகவே சொன்னார்.

“அஞ்சு வருசம் ஆச்சு. அப்ப அவரு குட்டி லாரி வெச்சிருந்தாரு. லைட்ஹவுஸ் குப்பத்துல மணல்ல எறங்கசொல்லோ காத்த எறக்குனாரு. மீன ஏத்திக்கினு மேல வந்தோம். காத்து அடிச்சிக்கினு போலாம்யானு சொன்னேன். ஐஸு கரையுது, பொன்னேரில போயி அடிச்சிக்கலாம்னாரு. புது டயரும்மா அது. பட்டனெல்லாம் அப்டியே கீது. அதப் பாத்துட்டு ஒண்ணியும் ஆவாதுன்னாரு. காத்து இல்லாத டயரு தார் ரோட்டுல மடங்கி மடங்கி சூடாயி, பாதி வழில வெடிச்சிடுச்சி. வண்டி வயல்ல போயி சாஞ்சிச்சி. எனக்கு முட்டி போச்சி. அவருக்கு ஒரு கீறல் இல்ல. அதான் அவருக்கு ஆறவே இல்ல.”

வண்டிகளுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நிற்கும் அந்த உருவம் என் கண்ணில் வந்தது. அதுவரை அவரை ஒரு வேடிக்கை மனிதராகவே நினைத்திருந்ததற்கு வெட்கமாக இருந்தது.

“அதுலேர்ந்து அவர் வண்டில ஏற பயமா அண்ணி?”

“மொதல்ல பயந்தான். ஒரு வருசம் வண்டி சத்தம் கேட்டாலே முட்டி நடுங்கும். அப்பால போயிடுச்சி. இந்த டிரைவரு ஓட்டற ஓட்டத்துக்கு, பயந்தா பொழப்பு நடக்குமா?”

“அப்புறம் ஏன் ஏற மாட்டேங்கறீங்க?”

அவர் திரும்பிப் பின் கண்ணாடியைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். கார் அங்கிருந்து கேட்டுவிடும் என்பது போல.

“பஸ்ஸ வுட்டு எறங்கசொல்லோ தெனமும் அந்த டயரப் பாப்பேன். அதே மொட்டை. ஊர்ல கீறவன் வண்டிக்கெல்லாம் யாரு உக்காரப் போறாங்கன்னு கேக்கறாரு இல்ல? தன் வண்டிக்கும் கேட்டுக்கினுதான இருப்பாரு? யாரும் இல்லன்னு பதில் வந்திருக்கு, அதான் மாத்தல. என்னிக்கினா ஒரு நாளு நான் வந்து உக்காருவேன்னு அந்த மனுசன் நெனச்சிருந்தா, இப்டியா வெச்சிருப்பாரு? அவரு மனசுல எனக்கு சீட்டே இல்ல டீச்சரு. அப்பால நான் எங்க போயி உக்கார்றது?”

கணக்கு டீச்சர் என்பதால் எனக்கு அது அந்த நிமிஷமே தெளிவாகத் தெரிந்துவிட்டது. இவர் ஏறாததால் அவர் டயர் மாற்றவில்லை. அவர் மாற்றாததால் இவர் ஏறவில்லை. நடுவில் அந்த பஸ் ஐந்து வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

“ஒரு வார்த்தை நீங்க அவர்கிட்ட சொல்லக்கூடாதா?”

“சொல்லி மாத்துனா அது நான் மாத்துனது. அவரா நெனைக்கணும். நீயும் சொல்லக்கூடாது, ஆமா!”

சொல்ல மாட்டேன் என்று நான் சொன்னது அவருக்குப் போதவில்லை. என் கையைப் பிடித்துக் கூடையின் மேல் வைத்து சத்தியம் வாங்கிக்கொண்டார். ஈரச் சாக்குக்குக் கீழே ஒரு நண்டு என் உள்ளங்கையைத் தள்ளியது.

பொன்னேரியில் பஸ் நின்றதும் கண்டக்டர் கூடையை இறக்கிக்கொடுத்தார். அண்ணி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். நீலக் கார் பின்னால் வந்து நின்றது. அண்ணியின் கண் ஒரு நொடி அந்தச் சக்கரங்களுக்குப் போனது. பிறகு கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து மார்க்கெட் பக்கம் நடந்தார். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, அண்ணி தெரு முனையைத் திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பிள்ளைகள் அன்று மூன்றாவதாக வந்தார்கள். எனக்கு அது மனதில் ஏறவே இல்லை.

சாயங்காலம் கடைக்குப் போனபோது என் காரில் புது டயர்கள் மாட்டியிருந்தன. கழற்றிய என் பழைய டயர்களை அவர் கத்தியால் கிழித்துக்கொண்டிருந்தார். சத்தியம் பண்ணிய கை எனக்கு அரித்துக்கொண்டே இருந்தது. ஆனால் நான் சொல்லக்கூடாது என்றுதான் சத்தியம். கேட்கக்கூடாது என்று யாரும் வாங்கவில்லை. விடையைச் சொல்லாமல் கேள்வியை மட்டும் கேட்டுத்தான் எனக்குச் சம்பளமே.

“அண்ணா, உங்க கார்ல யார் உக்காரப் போறாங்க?”

“காலைலயே சொன்னேனே டீச்சர். நான் ஒருத்தன்தான்.”

“சரி, யார் உக்காரப் போறாங்கங்கறத விடுங்க. யார் உக்காரணும்னு உங்களுக்கு ஆசை?”

கத்தி நின்றது. அவர் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். பிறகு பாலத்தைப் பார்த்தார். கீழே இரண்டு படகுகள் கரை திரும்பிக்கொண்டிருந்தன.

“அது ஏறாது டீச்சர்.”

“நான் அதைக் கேக்கலையே.”

அவர் மறுபடி குனிந்தார். கத்தி கோணலாக இழுத்தது. “மழை வருது. கெளம்புங்க,” என்றார்.

அதன் பிறகு பத்து நாள் எதுவும் நடக்கவில்லை. காலையில் எதிரில் பஸ் வரும், பின்னால் கார் வரும், அதே மொட்டைச் சக்கரங்கள். என்னைக் கண்டால் அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று நொந்துகொண்டேன். பதினோராவது நாள் பஸ் மட்டும் தனியாக வந்தது. பின்னால் கார் இல்லை. எனக்குப் பகீரென்றது. நேரே கடைக்கு ஓட்டினேன்.

நீலக் கார் நாலு பக்கமும் கல் கொடுத்துத் தூக்கி நின்றது. சக்கரங்கள் கீழே கிடந்தன. அவர் உட்கார்ந்து புது டயர் ஒன்றை ரிம்மில் ஏற்றிக்கொண்டிருந்தார். முன் சீட்டின் உறை துவைத்துக் கொடியில் தொங்கியது. நிமிராமல் அவரே சொன்னார்.

“அது உக்கார்ற பக்கம் மட்டும் ரெண்டு போட்டா போதுமேன்னு மொதல்ல நெனச்சேன். அப்பால நாலும் போட்டுட்டேன்.”

நான் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு பஸ்ஸில் தான் பட்ட பாட்டை அண்ணியே பிற்பாடு சொன்னார். பின் கண்ணாடியில் கார் இல்லை என்றதும் கழுத்து வலிக்கும் வரை திரும்பித் திரும்பிப் பார்த்தாராம். பாதி வழியில் இறங்கிவிடலாமா என்றுகூடத் தோன்றியதாம். அன்று நண்டு விற்கக் கை ஓடவில்லையாம்.

மறுநாள் நான் வேண்டுமென்றே சீக்கிரம் கிளம்பி, பஸ் புறப்படுவதற்கு முன்னாலேயே போய் நின்றேன். பஸ்ஸுக்குப் பின்னால் கார் நின்றது. அண்ணி கூடையோடு வந்தார். காரைப் பார்த்ததும் நின்றார். கூடையைக் கீழே வைத்துவிட்டு, காலை இழுத்துக்கொண்டு காரை ஒரு முழுச் சுற்று சுற்றி வந்தார். நாலு டயரிலும் குனிந்து நகத்தைப் பள்ளத்தில் விட்டுப் பார்த்தார். அண்ணா பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு, பரீட்சை எழுதிவிட்டு வந்தவர் மாதிரி நின்றார்.

“காத்து?”

“கரீட்டா கீது.”

“எப்ப அடிச்ச?”

“தோ, இப்பத்தான்.”

அண்ணி பின் கதவைத் திறந்தார். கூடையைத் தூக்கி சீட்டின் நடுவில் வைத்தார். கதவைச் சாத்தினார். நேரே போய் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

பஸ் கிளம்பியது. நான் அவரைப் பார்த்தேன். அந்த மனிதரின் முகத்தை அன்று பார்த்திருக்க வேண்டும்.

“கூடை உக்காந்துடுச்சி டீச்சர்!” என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் காரை எடுத்தார்.

மூன்று வாரம் நண்டுகள் காரில் போயின, அண்ணி பஸ்ஸில் போனார். கண்டக்டர், டீக்கடை அம்மா, வேன்காரர் என்று ஊரே சிரித்தது. நான் மட்டும் தினமும் எதிரில் வரும் காரின் முன் சீட்டை எட்டிப் பார்ப்பேன். காலியாக இருக்கும். எனக்கே சலித்துப்போய், இனி பார்ப்பதில்லை என்று முடிவு பண்ணிய வாரத்தில்தான் அது நடந்தது.

தூறல் விட்டுவிட்டுப் பெய்த காலை. இரண்டு பக்கமும் வயல் இருக்கும் அந்த நேர் ரோட்டில் வந்துகொண்டிருந்தேன். தூரத்தில் பஸ் தெரிந்தது. திடீரென்று பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து நீலக் கார் வலது பக்கம் வெளியே வந்தது. லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்தபடி என்னைப் பார்த்து வந்தது. கணக்குப் போட்டால் இடம் தாராளமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குக் கணக்கு எங்கே வந்தது? பிரேக்கை மிதித்து மண் ஓரத்துக்கு ஒதுங்கினேன். ஈர ரோட்டில் என் புது டயர்கள் பிடித்து நின்றன. எனக்குத் தெரிந்த வசவு அத்தனையும் வாயில் வந்துவிட்டது.

கார் பஸ்ஸைத் தாண்டி, தன் பக்கத்துக்குப் போய், என்னைக் கடந்தது. முன் சீட்டில் அண்ணி இருந்தார். இடது காலை நீட்டி, ஒரு கையால் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை அவர் முகத்துக்கு நேராக ஆட்டி ஆட்டித் திட்டிக்கொண்டிருந்தார். வாய் மூடவே இல்லை. அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், பல்லெல்லாம் தெரிய, திட்டு வாங்கிக்கொண்டு போனார்.

பின்னாலேயே பஸ் வந்தது. டிரைவர் என்னைப் பார்த்து நீளமாக ஹாரன் அடித்தார்.